காகிதத்தில் ஓடிய மோட்டார்

1879-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி வாஷிங்டனில் உள்ள பேடண்ட் காரியாலயத்தில் ஒரு மனு தாக்கலாயிற்று. மனுதாரர், நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் செல்டன் என்ற வக்கீல். வயது முப்பத்திரண்டு. மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அதே ஊரில் பாங்கிக் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞர். அந்தக் குமாஸ்தாவின் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். பிற்காலத்தில் 'கோடாக்' காமிராவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த அதே ஈஸ்ட்மன்தான். சாட்சி உலகப் புகழ் பெற்றார். மனுதாரரை இன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மனுவில் என்ன இருந்தது? குதிரை இல்லாமல் தானே ஓடும் வண்டி இருந்தது. திரவ எண்ணெயை எரித்து ஓடும் ஒரு யந்திரம். அதன் ஓட்டத்தைச் சக்கரத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு சாதனம். யந்திரத்தின் தண்டு வேகமாகவும் சக்கரம் அதைவிட மெதுவாகவும் சுற்றும்படி ஓர் ஏற்பாடு. ஆட்களோ சாமான்களோ ஏறிச் செல்ல ஒரு வண்டிக் கூடு. இவையெல்லாம் சேர்ந்த சேர்க்கைக்குத் தமக்கு உரிமை வேண்டும் என்று கேட்டார் செல்டன்.

அந்த வண்டி எங்கே என்று நேயர்கள் கேட்பது நியாயம். வண்டி இல்லை. 1878-ல் மூன்று ஸிலிண்டர் உள்ள ஒரு யந்திரத்தைச் செய்யத் தொடங்கி, அதில் ஒரு ஸிலிண்டரை மட்டும் முடித்து ஓட்டிப் பார்த்திருந்தார். மற்றதெல்லாம் காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்தக் காகிதம் முப்பத்திரண்டு வருஷம் ஓடியது. எத்தனையோ கம்பெனிகளைக் கப்பம் கட்ட வைத்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து மோதி நின்றது. அந்தக் கேள்வி, யந்திரத்துக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பற்றியது.

செல்டனைப் பித்தலாட்டக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல குடும்பம். தகப்பனார் ஹென்ரி செல்டன் பெரிய நீதிபதியாக இருந்தவர். பெண்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று துணிந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட ஸூஸன் அந்தோணி அம்மையாருக்காக 1873-ல் வாதாடியவர். பிள்ளைக்கோ சட்டத்தைவிட யந்திரத்தில்தான் பிரியம். தகப்பனாருக்காகச் சட்டம் படித்தார். தமக்காகப் பட்டறையில் கை கறுக்க உழைத்தார். இரண்டும் கலந்து அவர் பேடண்ட் வக்கீல் ஆனார். அதாவது மற்றவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது தொழில். இராத்திரியில் தம் சொந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிக் கனவு காண்பது பொழுதுபோக்கு.

1876-ல் பிலடெல்பியாவில் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. அங்கே ஜார்ஜ் பிரேட்டன் என்பவர் செய்த எண்ணெய் யந்திரத்தைச் செல்டன் பார்த்தார். யந்திரம் மகா பருமன். ஆனாலும் நிலக்கரியும் கொதிகலனும் வேண்டாம் என்பதே அந்தக் காலத்தில் பெரிய ஆச்சரியம். இதை இளைக்க வைத்தால் வண்டியில் ஏற்றலாமே என்ற யோசனை அப்போது அவருக்கு உதித்தது. 1879-ல் இப்படி நினைத்தவர்கள் அமெரிக்காவில் வெகு சிலர். அந்த அளவில் அவருடைய தீர்க்கதரிசனத்தை யாரும் மறுக்க முடியாது. பின்னால் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகூட மறுக்கவில்லை.

இனித்தான் வக்கீலின் சாமர்த்தியம் வருகிறது. அமெரிக்கச் சட்டத்தின்படி அந்நாளில் பேடண்ட் வழங்கிய தேதியிலிருந்து பதினேழு வருஷம் உரிமை. மனுப் போட்ட தேதியிலிருந்து அல்ல. இதைக் கவனிக்க வேண்டும். காரியாலயத்தார் ஏதாவது ஆட்சேபம் எழுப்பினால் மனுதாரர் இரண்டு வருஷத்துக்குள் பதில் எழுதினால் போதும். செல்டன் ஒவ்வொரு தடவையும் கெடு முடியும் தறுவாயில் பதில் எழுதினார். பதிலோடு ஒரு திருத்தமும் அனுப்புவார். அதைக் காரியாலயத்தார் பரிசீலித்து மறுபடி ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். மறுபடி இரண்டு வருஷம். இப்படியே பதினாறு வருஷத்துக்கு மேல் போயிற்று.

அந்தப் பதினாறு வருஷத்தில் உலகம் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் மூன்று சக்கர மோட்டாருக்குப் பேடண்ட் வாங்கினார். டெய்ம்லர் வண்டி செய்தார். பிரான்ஸில் பன்ஹார், லெவாஸர் என்ற கூட்டாளிகள் வியாபாரமே தொடங்கிவிட்டார்கள். 1893-ல் அமெரிக்காவிலேயே துரியே சகோதரர்கள் தங்கள் மோட்டாரை ஸ்பிரிங்பீல்டு நகர வீதியில் ஓட்டிக் காட்டினார்கள். இவர்களில் ஒருவராவது ராச்செஸ்டர் வக்கீலின் மனுவைப் படித்தவர் அல்லர். படிக்கவும் முடியாது. பேடண்ட் வழங்கும் வரையில் மனு ரகசியம்.

1895-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி, மோட்டார் வியாபாரம் அமெரிக்காவில் தலையெடுக்கும் சமயம் பார்த்து, 549,160-ம் நம்பர் பேடண்ட் செல்டனுக்குக் கிடைத்தது. ஆயுள் 1912 வரையில்.

வேண்டுமென்றே தாமதித்தாரா, முதலீட்டுக்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்தாரா என்று இன்றைக்கும் வாதிக்கலாம். கையில் பணம் இல்லாதவன் 1880-ல் பேடண்ட் வாங்கியிருந்தால், வண்டி வாங்க ஆள் வருவதற்குள் பதினேழு வருஷமும் கரைந்து போயிருக்கும் என்பது உண்மைதான். சட்டம் அனுமதித்ததைத்தான் செய்தார். ஆனால் சட்டம் அனுமதித்த வழியில், தாம் ஒரு வண்டியும் செய்யாமல், மற்றவர்கள் செய்து முடிக்கும் வரையில் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார் என்பதும் உண்மைதான். எங்கள் தொழிலில் இதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். "ஓர் ஆண்பிள்ளை, ஒரு பெண், இடையில் ஒரு தடை" என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பதிவு செய்துவிட்டு, பதினாறு வருஷம் கழித்து வந்து, இடைக்காலத்தில் வெளியான நாவல்களுக்கெல்லாம் பங்கு கேட்டால் எப்படி இருக்கும்? கேட்கிறவர் உண்மையாகவே முதலில் எழுதியிருக்கலாம். ஆனால் நாவல் எழுதியது யார்?

பேடண்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடச் செல்டனிடம் பணம் இல்லை. 1899-ல் அதைப் பத்தாயிரம் டாலருக்கும், வரும் கப்பத்தில் ஒரு பங்குக்கும் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி என்ற ஸ்தாபனத்தின் கையில் ஒப்படைத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி பெட்ரோல் வண்டிக்கு எதிரி. பாட்டரியில் ஓடும் மின்சார வாடகை வண்டிகளை நியூயார்க் வீதிகளில் விட்டு, எதிர்காலம் மின்சாரத்துக்கே என்று நம்பிய பணக்காரர்களின் கம்பெனி அது. அவர்களில் முக்கியமானவர் வில்லியம் விட்னி. ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படை இலாகாவுக்கு மந்திரியாக இருந்தவர். பாட்டரி கைவிட்டாலும் பெட்ரோல் வண்டிக்காரர்களிடம் வரி வசூலிக்கலாம் என்று ஒரு முன்னேற்பாடாகச் செல்டனின் காகிதத்தை வாங்கினார்கள். பாட்டரி கைவிடத்தான் செய்தது; 1907-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்தால் மின்சார மோட்டாரின் காலம் மறுபடி வந்ததைப் பார்த்திருக்கலாம். அத்தனை ஆயுள் மனிதனுக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை.

1900-ல் விண்டன் என்ற பெரிய மோட்டார் கம்பெனிமீது வழக்குப் போட்டார்கள். வழக்குச் செலவை எண்ணிப் பார்த்த மற்ற கம்பெனிகள், எதிர்ப்பதைவிடச் சேர்ந்துகொள்வதே மலிவு என்று முடிவு கட்டின. 1903 மார்ச்சு மாதத்தில் லைசென்ஸ் பெற்ற மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் ஏற்பட்டது. விண்டனும் அதில் ஐக்கியமானார். விற்கும் ஒவ்வொரு வண்டியின் விலையிலும் நூற்றுக்கு ஒன்றேகால் வீதம் கப்பம். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் செல்டனுக்கு. மற்றவை மின்சாரக் கம்பெனிக்கும் சங்கத்துக்கும். யாருக்கு லைசென்ஸ் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது சங்கத்தின் இஷ்டம். இந்தக் கடைசி விஷயந்தான் முக்கியம். ஒன்றேகால் டாலர் யாரையும் கொன்றுவிடாது. "நீ மோட்டார் செய்யக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் கொல்லும்.

சங்கத்தார் நல்ல காரியமும் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவாக இருந்த திருகாணி மரைகளை ஒரே அளவாக்க முயன்றவர்கள் அவர்களே.

அதே 1903-ம் வருஷம் ஜூன் மாதத்தில் டிட்ராயிட் நகரில் ஹென்ரி ஃபோர்டு தம் புதுக் கம்பெனியைத் தொடங்கினார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் இருந்து வெளியேறியவர். லைசென்ஸ் கிடைக்குமா என்று சங்கத்தை விசாரித்தார். சாதகமான பதில் வரவில்லை. ஃபோர்டு வண்டியின் யந்திரமும் அடிச்சட்டமும் டாட்ஜ் சகோதரர்களின் பட்டறையிலிருந்து வந்தன. இவர் மற்றவர் செய்த பாகங்களைப் பூட்டுகிறவர்தானே, உற்பத்தியாளர் என்று எப்படிச் சொல்வது என்று சங்கத்தார் இழுத்தார்கள். செல்டன் ஒரு வண்டிகூடப் பூட்டாதவர் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்! ஃபோர்டின் கூட்டாளி ஜேம்ஸ் கூசன்ஸ் முன்கோபக்காரர். உங்கள் பேடண்டை நீங்களே வைத்துக்கொண்டு நரகத்துக்குப் போங்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அக்டோபர் மாதத்தில் ஃபோர்டின் மீது வழக்கு வந்தது.

அந்த வழக்கு ஏழு வருஷத்துக்கு மேல் நடந்தது. அக்காலத்து முறைப்படி சாட்சிகள் நீதிபதிக்கு முன்னால் வருவதில்லை. வக்கீல்கள் ஊர் ஊராய்ப் போய்ச் சாட்சியம் எழுதிக்கொள்வார்கள். குறுக்கே நிறுத்த ஆள் இல்லாததால் கேள்வியும் பதிலும் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு வளர்ந்தன. அவற்றைப் படிக்க நேர்ந்த நீதிபதி ஹவ், தம் தீர்ப்பிலேயே இந்த முறையைக் கண்டித்து மனத்தாங்கலை வெளியிட்டார். 1912-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு அந்த முறையைத் திருத்தியது.

இதற்கிடையே, 1879-ம் வருஷத்து வரைபடம் ஓடக்கூடிய வண்டிதானா என்ற கேள்வி எழுந்தது. எழுந்த பிறகுதான் செல்டன் தரப்பில் வண்டி செய்தார்கள்! ராச்செஸ்டரில் ஒன்று, ஹார்ட்ஃபர்டு நகரில் ஒன்று. ராச்செஸ்டர் வண்டியின் பக்கத்தில் "1877" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். வண்டி பிறந்தது இருபதாம் நூற்றாண்டில். நெற்றியில் எழுதியிருந்தது முன் ஜன்ம வருஷம். 1907-ல் அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். தட்டுத் தடுமாறி ஓடின, நின்றன. ஓடியதைச் செல்டன் தரப்பார் சாட்சியமாக்கினார்கள்; நின்றதை ஃபோர்டு தரப்பார் சாட்சியமாக்கினார்கள். ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. செல்டனுக்கு முன்பே பிரான்ஸில் லெனுவார் என்பவர் 1860-ல் யந்திரம் செய்திருக்கிறாரே என்று காட்ட, அந்த மாதிரி யந்திரத்தைப் பூட்டி ஒரு வண்டி செய்து ஓட்டினார்.

1909 செப்டம்பர் 15-ந் தேதி நீதிபதி ஹவ் தீர்ப்பளித்தார். செல்டனுக்கு வெற்றி. பெட்ரோலில் ஓடும் வண்டி எதுவாயினும் இந்தப் பேடண்டுக்குள் அடக்கம் என்று ஆயிற்று. எதிர்த்து நின்ற கம்பெனிகள் வரிசையாக வந்து கப்பம் கட்டின. ஃபோர்டின் 'டி' மாடல் வண்டி வெளிவந்து ஒரு வருஷமே ஆகியிருந்தது. அந்த மாதிரி 850 டாலர் வண்டிக்குக் கப்பம் பத்தரை டாலர் சொச்சம். கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்தச் சமயத்தில் ஃபோர்டே மனம் தளர்ந்தாரோ என்னவோ, ஜெனரல் மோட்டார்ஸ் அதிபர் டியூரண்ட் 80 லட்சம் டாலருக்குக் கம்பெனியை விலைக்குக் கேட்டபோது விற்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: முன்பணம் ரொக்கமாக வேண்டும். பாங்கிக்காரர்கள் டியூரண்டுக்குக் கடன் கொடுக்க மறுத்தார்கள். பேரம் முறிந்தது. அந்தப் பாங்கிக்காரர்களைப்பற்றி ஒரு தனிக் கதையே எழுதலாம்.

ஃபோர்டு அப்பீல் செய்தார். செல்டன் சங்கத்தார், லைசென்ஸ் இல்லாத வண்டியை வாங்குகிறவர்கள் மீதும் வழக்கு வரும் என்று விளம்பரங்களில் பயமுறுத்தி வந்தார்கள். ஃபோர்டு எதிர் விளம்பரம் போட்டார்: தம் வண்டியை வாங்குகிறவருக்கு வழக்கு வந்தால் தாமே பொறுப்பு என்றார். வேண்டுமானால் பத்திரம் எழுதித் தருவதாகவும், அதற்குத் தம் கம்பெனியின் 60 லட்சம் டாலர் சொத்தும் இன்னொரு கம்பெனியின் 60 லட்சம் டாலர் சொத்தும் ஈடு என்றும் அறிவித்தார். 18,000 வண்டி விற்றதில் சுமார் ஐம்பது பேர்தான் பத்திரம் கேட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இப்போது அந்த அழுத்தக் கேள்விக்கு வருவோம். கொஞ்சம் பொறுமை வேண்டும்; ஆனால் சமையலறையை ஞாபகம் வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை.

காற்றடித்து எரிக்கும் பிரைமஸ் அடுப்பை எண்ணிக்கொள்ளுங்கள். பம்பினால் காற்றை அடைக்கிறோம். அழுத்தம் தொட்டியில் சேர்ந்து நிற்கிறது. எண்ணெய் மேலே ஏறி, சீராக, ஒரே மாதிரி எரிகிறது. பிரேட்டன் யந்திரத்தின் சுபாவம் ஏறக்குறைய இதுதான். தனியான ஒரு பம்பு காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கிறது. அது வேலை செய்யும் ஸிலிண்டருக்குள் வந்து எண்ணெயோடு எரிகிறது. எரிந்துகொண்டே பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் நகர நகரத் தீயும் தொடர்வதால், எரியும் மட்டும் அழுத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிற்கிறது.

மற்றொரு ஜாதி யந்திரம், ஜெர்மானியரான நிக்கலாஸ் ஓட்டோ 1876-ல் செய்தது. (நம் ஊர் ஆட்டோ ரிக்ஷாவின் பெயருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அது அடுப்பு அல்ல, தீபாவளி வெடி. வாயுவும் காற்றும் கலந்த கலவையை ஒரே ஸிலிண்டருக்குள் இழுத்து, அங்கேயே நெருக்கி, நெருப்பு வைக்கிறது. பிஸ்டன் நகருவதற்குள் அத்தனையும் ஒரே வெடிப்பாக எரிந்துவிடுகிறது. அழுத்தம் குபீரென்று ஏறி, பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இறங்குகிறது. பென்ஸும் டெய்ம்லரும் ஃபோர்டும் எடுத்துக்கொண்டது இந்த வழியைத்தான். இதற்குத் தனிப் பம்பு வேண்டாம், தொட்டி வேண்டாம். எடை குறைவு, வேகம் அதிகம். ஓட்டோவின் கதையும் சுவையானது. 1862-லேயே பிரெஞ்சுக்காரரான போ த ரோஷா என்பவர் இந்தத் தத்துவத்தை ஒரு சிறு பிரசுரத்தில் எழுதியிருந்தது தெரியவந்து, 1886-ல் ஜெர்மனியில் ஓட்டோவின் பேடண்ட் ரத்தாயிற்று. ரோஷா ஒரு யந்திரமும் செய்தவர் அல்லர். செய்தவர் தோற்றார், எழுதியவர் காகிதம் ஜெயித்தது! அங்கே காகிதம் உரிமையை உடைத்துத் தொழிலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இங்கே காகிதம் உரிமை கொண்டாடிக் கதவை அடைத்தது. இரண்டும் ஒன்றாகா.

செல்டனின் பேடண்டில் எழுதியிருந்தது "அழுத்தும் வகை" யந்திரம் என்று. இரண்டுமே அழுத்தும் வகைதானே என்றார்கள் அவருடைய வக்கீல்கள். அவர்களில் ஒருவரான ஃபிஷ், அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். பேடண்ட் வழக்கில் சிங்கம். எதிரே ஃபோர்டுக்காக நின்றவர் மிச்சிகனைச் சேர்ந்த ரால்ஸமண்ட் பார்க்கர். தனிப் பம்பில் அழுத்துவது வேறு, ஸிலிண்டருக்குள் அழுத்துவது வேறு. அடுப்பை வரைந்து காட்டிவிட்டு வெடிக்கு வரி கேட்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

1911-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி அப்பீல் கோர்ட்டில் நீதிபதி நாயிஸ் தீர்ப்பெழுதினார். அழகான தீர்ப்பு. பேடண்ட் செல்லும் என்றார். ஆனால் ஃபோர்டு அதை மீறவில்லை என்றார். மோட்டார் வண்டி என்பதே வீண் கனவாகப் பட்ட காலத்தில் அதன் சாத்தியத்தைச் செல்டன் கண்டார் என்பதை மறுக்கவில்லை. ஓட்டோவின் யந்திரத்தின் மேன்மையை அறிந்து அதை அவர் எடுத்துக்கொண்டிருந்தால், இன்றைய மோட்டார் அனைத்தும் அவர் பேடண்டுக்குள் வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தவறான வழியைத் தேர்ந்துகொண்டார். சட்டத்தை வளைத்து அவருக்காக வேறு வழியைக் கோர்ட்டு தேர்ந்து கொடுக்க முடியாது. பிரதிவாதிகள் சட்டப்படியும் தர்மப்படியும் அவருக்கு ஒன்றும் கடன்பட்டவர்கள் அல்லர் - இவ்வாறு முடித்தார்.

"தர்மப்படியும்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டிய அவசியம் சட்டத்துக்கு இல்லை. ஆனால் நாயிஸ் சேர்த்தார். எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்த வார்த்தை அதுதான். பென்ஸோ ஃபோர்டோ செல்டனிடம் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. அவருடைய மனு பெட்டிக்குள் தூங்கியபோது அவர்கள் விழித்திருந்து செய்தார்கள். வெறும் தேதியை வைத்து முந்தியவர் என்று சொல்லலாம். வழிகாட்டி என்று சொல்ல முடியாது.

ஃபோர்டுக்கு இதனால் ஏழைப் பங்காளர் என்ற பெயர் வந்தது. பெரிய கூட்டத்தைத் தனி ஒருவராய் எதிர்த்து நின்றார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதற்கு மேல் அவரைக் கோயிலில் வைக்க நான் தயாராக இல்லை. 1920-களில் தம் சொந்தப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக அவர் கக்க விட்ட விஷத்தை மறப்பதற்கில்லை.

பேடண்டின் ஆயுள் இன்னும் சுமார் இரண்டு வருஷம் இருந்தது. சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகவில்லை. சங்கமும் கலைந்தது. அவர்கள் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை: 1915-ல் அமெரிக்க மோட்டார் கம்பெனிகளில் பெரும்பாலானவை தங்கள் பேடண்டுகளை ஒருவருக்கொருவர் கப்பமில்லாமல் பயன்படுத்திக்கொள்ள உடன்படிக்கை செய்துகொண்டன. ஃபோர்டு அதில் கையெழுத்துப் போடவில்லை. போடாமலே மற்றவர்களுக்குத் தம் பேடண்டுகளைப் பயன்படுத்த இடம் கொடுத்தார், மற்றவர்களும் அவருக்குக் கொடுத்தார்கள்.

செல்டனுக்கு மொத்தத்தில் சுமார் இரண்டு லட்சம் டாலர் கிடைத்ததாகச் சொல்வார்கள். நடுவில் பெரிய கைகள் பல இருந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் ராச்செஸ்டரில் தம் பெயரில் ஒரு மோட்டார் கம்பெனி நடத்தினார். மோட்டார்களுக்கெல்லாம் தகப்பன் செய்த வண்டி என்ற பொருளில் விளம்பரம் போட்டார். பிறகு அந்தக் கம்பெனி லாரிகள் செய்தது. 1922 ஜனவரியில், எழுபத்தைந்தாம் வயதில், அவர் காலமானார்.

அவருடைய கம்பெனி விற்ற வண்டிகளின் முன்மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே தெரிந்தது நாலு ஸிலிண்டர் யந்திரம். பிரேட்டன் வகை அல்ல, ஓட்டோ வகை.